கரண்ட் போனாலும் படம் எடுக்க: ரோல் கேமரா, இன்ஸ்டாக்ஸ், டிஜிட்டல்

மதுரையில் மாதாந்திரப் பராமரிப்பு என்றால் முன்கூட்டியே பேப்பரில் போட்டுவிடுவார்கள். முதல் நாள் ராத்திரியே எல்லாவற்றையும் சார்ஜ் ஏற்றிக்கொள்ளலாம். மேலூர், உசிலம்பட்டிப் பக்கம் முளைப்பாரி எடுக்கும் ராத்திரி சொல்லாமல் போகும் பாருங்கள், அதற்குத்தான் இது.

ரோல் கேமரா

"பழைய கேமராவுக்கு பேட்டரியே வேண்டாம்" என்று விற்கிறவர் சொன்னால் நம்பாதீர்கள். ரோல் போடும் முன் பேட்டரியைக் கழற்றுங்கள். பின்கதவைத் திறந்து, லென்ஸை ஜன்னல் பக்கம் காட்டி, ஷட்டர் வேகத்தை 1 நொடி, 1/8, 1/60, 1/500 என மாற்றி மாற்றி அழுத்துங்கள். உள்ளே வெளிச்சம் தெரியும் நேரமும் அதற்கேற்ப மாற வேண்டும். பென்டாக்ஸ் கே1000, நிக்கான் எஃப்எம்2 இரண்டிலும் மாறும். அவற்றில் பேட்டரி, வெளிச்சத்தை அளக்கும் மீட்டருக்கு மட்டும். கேனான் ஏஇ-1 அசையவே அசையாது. ஆளை ஏமாற்றுவது யாஷிகா எலக்ட்ரோ 35. பேட்டரி இல்லாமலும் 'டிக்' என்று சத்தம் வரும், ஆனால் எப்போதும் 1/500தான். விளக்கு வெளிச்சத்தில் எடுத்தால் நெகட்டிவில் ஒன்றும் இருக்காது.

கே1000 மீட்டருக்கு ஆன்-ஆஃப் கிடையாது. லென்ஸ் மூடியைப் போடாமல் வைத்தால் எல்ஆர்44 செல் தீர்ந்துபோகும்.

மீட்டரும் போய்விட்டால்: ஐஎஸ்ஓ 400 ரோல், விளக்குக்குப் பக்கத்தில் முகம் என்றால் லென்ஸ் துவாரம் (அபர்ச்சர்) எஃப்/2, ஷட்டர் 1/15. கூடவே 1/8, 1/4 என்று இரண்டு படம், தூணில் சாய்ந்துகொண்டு. கலர் ரோல் ஒரேயடியாகச் செம்மஞ்சளாக அடிக்கும். என் ஓட்டு இல்ஃபோர்டு எச்பி5 பிளஸ் கறுப்பு-வெள்ளை ரோலுக்கு. நீண்ட நேரம் ஷட்டரைத் திறந்துவைத்தால் ரோலின் உணர்திறன் குறையும், அதனால் அதில் கணக்கு 10 நொடி வந்தால் 20 நொடி கொடுக்க வேண்டும்.

இன்ஸ்டாக்ஸ் மினி 11

எடுத்தவுடன் படம் வெளியே வரும் கேமரா. இரண்டு ஏஏ அல்கலைன் பேட்டரி. அவசரத்துக்குச் சுவர்க் கடிகாரத்துச் செல்லைக் கழற்றிப் போட்டால் மோட்டார் திணறி, படம் பாதியில் நிற்கும். பேட்டரியை மட்டும் மாற்றுங்கள். பிலிம் கதவைத் திறந்தால் மீதிப் பிலிமும் வீண். ஃபிளாஷ் 2.7 மீட்டருக்கு மேல் எட்டாது. ஊர்வலம் முழுவதையும் எடுக்க ஆசைப்படாதீர்கள்.

டிஜிட்டல்

டைப்-சி வழியே சார்ஜ் ஏறும் கேமராவுக்குப் பவர் பேங்க் போதும்.

பிறகு சேர்த்தது: பவர் பேங்க் மாட்டியும் சார்ஜ் ஏறவில்லை என்கிறவர்கள் முதலில் கேமராவை ஆஃப் செய்யுங்கள், பல மாடல்கள் அணைத்திருந்தால்தான் ஏற்றும். கேனான் ஆர் வரிசையில் பெரும்பாலானவற்றுக்கு பிடி (பவர் டெலிவரி) வசதியுள்ள பவர் பேங்கும் இருபுறமும் டைப்-சி உள்ள கேபிளும் வேண்டும். கேனான் 1500டி யுஎஸ்பியில் ஏறாது, தனிச் சார்ஜர்தான். இன்வெர்ட்டருக்கு அது ஒரு சுமையே இல்லை. ஆனால் பல வீடுகளில் லைட், ஃபேன் மட்டும்தான் இன்வெர்ட்டர் லைனில் இருக்கும். பகலிலேயே மெயினை அணைத்து, எந்த பிளக் பாயின்ட்டில் கரண்ட் இருக்கிறது என்று சார்ஜரைச் செருகிப் பார்த்துவிடுங்கள்.