கரண்ட் வாலை: தெர்மோஸ்டாட்டை விடுங்கள், வாட்டைப் பிடியுங்கள்

வீட்டில் ஓமத்தீநீரோ வெட்டிவேர் நீரோ வடிக்கிறவர்கள் விறகிலிருந்து கேஸுக்கும், கேஸிலிருந்து கரண்டுக்கும் மாறியதும் செய்கிற முதல் வேலை, வைத்த டிகிரி வந்ததும் கரண்டை நிறுத்துகிற ஒரு தெர்மோஸ்டாட் வாங்கி, வடிக்கிற பாத்திரமான வாலையில் மாட்டுவதுதான். நானும் அதைத்தான் செய்தேன். பத்து லிட்டர் எவர்சில்வர் வாலை, அடியில் 2000 வாட் கீசர் காயில். 98 டிகிரியில் வைத்தால் சொட்டு நின்றுவிடும், 101-இல் வைத்தால் காயில் அணையவே அணையாது, ஓமம் பொங்கிக் கழுத்துக் குழாய் வழியாக ஏறி மஞ்சள் தண்ணீராக ஜாடியில் விழும். கன்ட்ரோலர் சரியில்லை என்று இன்னொன்று வாங்கினேன், அதுவும் இதையேதான் செய்தது.

கன்ட்ரோலர் மேல் தப்பே இல்லை. தண்ணீர் கொதிக்க ஆரம்பித்த பிறகு 500 வாட் கொடுத்தாலும் 2000 வாட் கொடுத்தாலும் அது 100 டிகிரியிலேயேதான் நிற்கும், ஊட்டி மாதிரி உயரமான ஊரில் 92, 93. நீங்கள் கூடுதலாகக் கொடுக்கிற சூடு முழுக்க ஆவியாகப் போகிறதே தவிர டிகிரியில் தெரியாது. அதனால் டிகிரியைப் பார்த்து வடிக்கிற வேகத்தைப் பிடிக்க முடியாது, காயிலுக்குப் போகிற வாட்டைத்தான் பிடிக்க வேண்டும். சித்த மருத்துவத்தில் தீபாக்கினி, கமலாக்கினி, காடாக்கினி என்று தீயைத் தரம் பிரித்து வைத்திருக்கிறார்களே, அதில் பேச்சு எல்லாம் தீயின் அளவைப் பற்றித்தான். அதே வேலையைக் கரண்டில் செய்யப்போகிறோம், அவ்வளவுதான்.

ஒரு சின்னக் கணக்கு. ஒரு கிலோ கொதிநீரை ஆவியாக்க சுமார் 2257 கிலோஜூல் வேண்டும். அப்படியானால் 1000 வாட் முழுசாகத் தண்ணீருக்குள் போனால் மணிக்கு 1.6 லிட்டர் வடியும். வாலையின் பக்கவாட்டிலும் மூடியிலும் சூடு வீணாவதால் உண்மையில் இதைவிடக் குறைவாகத்தான் வரும், வாலையைச் சுற்றி கனமான பருத்தித் துணியோ கண்ணாடிக் கம்பளியோ சுற்றினால் கொஞ்சம் மிச்சமாகும்.

வாட்டைக் குறைக்க மூன்று வழி உண்டு. ஒரு பெரிய காயிலுக்குப் பதிலாக இரண்டு சின்னக் காயில், தனித்தனி சுவிட்ச்: இரண்டும் சேர்ந்து கொதி வரும்வரை, அப்புறம் ஒன்று மட்டும். மின் வேலை அதிகம் தெரியாதவர்களுக்கு இதைத்தான் சொல்வேன், கெட்டுப்போக இதில் ஒன்றுமே இல்லை. இரண்டாவது, குமிழ் வைத்த டிம்மர் போர்டு. 4000 வாட் என்று எழுதி விற்பார்கள், சூட்டை வெளியேற்ற அதில் ஒட்டியிருக்கிற சின்ன அலுமினியத் துண்டைப் பார்த்தாலே தெரியும், பாதிகூடத் தாங்காது. ரேடியோவில் இரைச்சலும் வரும். வீட்டு ஃபேன் ரெகுலேட்டரை மாட்டலாமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள், தயவுசெய்து வேண்டாம், அது நூறு வாட் சமாச்சாரம், எரிந்துவிடும்.

நான் வைத்திருப்பது மூன்றாவது வழி. எஸ்.எஸ்.ஆர் என்கிற சாலிட் ஸ்டேட் ரிலே, அதாவது ஒரு எலக்ட்ரானிக் சுவிட்ச்; அது எவ்வளவு நேரம் ஆனில் இருக்க வேண்டும் என்று சொல்லி ஓட்ட ஒரு பிஐடி கன்ட்ரோலர். ஆனால் பிஐடியை டிகிரியில் விடாமல் மேனுவல் மோடில் போட்டு சதவீதம் கொடுக்க வேண்டும், வாங்கும்போதே மேனுவல் மோடு இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். சுழற்சி நேரத்தை 2 விநாடி என்று வைத்து 35 சதவீதம் கொடுத்தால் 0.7 விநாடி கரண்ட் போகும், 1.3 விநாடி நிற்கும். தண்ணீருக்கு அது தெரியவே தெரியாது, 700 வாட் அடுப்பு மாதிரி ஒரே சீராகக் கொதிக்கும். சிலர் சுழற்சியை 20 விநாடி என்று விட்டுவிடுகிறார்கள், அப்போது சொட்டு வேகமாகவும் மெதுவாகவும் மாறி மாறி வரும்.

எஸ்.எஸ்.ஆர் ஓடும்போது ஆம்பியருக்கு சுமார் ஒரு வாட் சூடாகும். 2000 வாட் காயில் 230 வோல்ட்டில் 8.7 ஆம்பியர் இழுக்கும், அப்படியானால் பத்து வாட்டுக்குப் பக்கம் சூடு. அந்தச் சூட்டை வெளியேற்ற உள்ளங்கை அளவு ஹீட்சிங்க் (உலோகத் தகடு), நடுவில் சூட்டைக் கடத்துகிற தெர்மல் பேஸ்ட், இரண்டும் கட்டாயம். இன்னொன்றை நன்றாக மனதில் வையுங்கள்: எஸ்.எஸ்.ஆர் கெட்டால் பெரும்பாலும் ஆன் ஆன நிலையிலேயே ஒட்டிக்கொள்ளும். கன்ட்ரோலரில் பூஜ்யம் காட்டும், காயில் முழு வேகத்தில் எரியும். ஆஃபில் இருக்கும்போதும் அதன் வழியாகக் கொஞ்சம் கரண்ட் கசியும். அதனால் முன்னால் ஒரு டபுள் போல் எம்.சி.பி (இரண்டு ஒயரையும் சேர்த்துத் துண்டிக்கிற சுவிட்ச்) வையுங்கள், காயில் பக்கம் கை போகும் முன் அதை இறக்கிவிடுங்கள்.

ஒயரிங்கில் சிக்கனம் பார்க்காதீர்கள். 16 ஆம்பியர் பிளக் பாயிண்ட், 2.5 சதுர மில்லிமீட்டர் காப்பர் ஒயர், வாலையின் உடம்பிலேயே போல்ட் போட்டு எர்த், மேலே கரண்ட் கசிந்தால் தானே விழுகிற 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. காயில் முனையில் ஒயரைச் சும்மா முறுக்கிச் சொருகாமல் லக் (ஒயர் நுனியில் அழுத்திப் பொருத்துகிற உலோக முனை) அடித்து முடுக்குங்கள். என் முதல் வாலையில் அந்த ஸ்க்ரூ லூசாக இருந்தது, மூன்றாவது தடவை வடிக்கும்போது மீன் வறுத்த மாதிரி ஒரு வாடை, திறந்து பார்த்தால் ஒயரின் தோல் காப்பிப்பொடி நிறத்தில் சுருங்கிக் கிடந்தது.

ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு வாலையை எடுத்து ஆன் செய்தவுடன் ஆர்.சி.சி.பி விழுகிறதா? காயில் குழாய்க்குள் இருக்கிற மெக்னீசியம் ஆக்சைடு பவுடர் ஈரம் குடிக்கும், அந்த ஈரம் வழியாகக் கரண்ட் வாலையின் உடம்புக்குக் கசியும். ஆர்.சி.சி.பி-யைத் தாண்டி நேரடியாக இணைத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். காயிலைக் கழற்றி ஓவனில் மிதமான சூட்டில் இரண்டு மூன்று மணி நேரம் காயவைத்து, எலக்ட்ரீஷியனிடம் கசிவை அளக்கிற மெகர் மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு மெகாஓமுக்குக் கீழே காட்டினால் புதுக் காயில்தான்.

இனி வடிக்கிற முறை. ஓமத்தை ஒன்றிரண்டாக இடித்து, துணியில் தளர்வாகக் கட்டி, காயிலுக்கு மேலே ஒரு துளைத் தட்டு போட்டு அதன்மேல் வையுங்கள், காயிலில் ஒட்டினால் கருகும், கருகிய வாடை தீநீரை விட்டுப் போகவே போகாது. தண்ணீர் காயிலுக்கு மேல் நாலு விரல் நிற்க வேண்டும். ஆறு லிட்டர் தண்ணீர் 2000 வாட்டில் கொதிக்கக் கணக்குப்படி பதினைந்து நிமிடம், நடைமுறையில் இருபதாகும். இந்த நேரம் முழுக்க 100 சதவீதம் கொடுக்கலாம். கழுத்துக் குழாயைப் புறங்கையால் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருங்கள், சூடு கீழிருந்து ஏறி வளைவுக்கு வந்ததும் உடனே 35-க்கு இறக்கிவிடுங்கள். சொட்டு விழுந்த பிறகு இறக்கினால் பொங்கி வந்துவிடும்.

அப்புறம் அளவு ஜாடியும் கடிகாரமும். ஐந்து நிமிடத்தில் எவ்வளவு வடிகிறது என்று பாருங்கள். என் வாலையில் ஓமத்துக்கு 60-லிருந்து 70 மில்லி வந்தால் வாசனை நன்றாக இருக்கிறது. உங்கள் வாலைக்கு அந்த எண் வேறாக இருக்கும், நாலைந்து தடவை வடித்து நோட்டில் எழுதி வைத்தால் பிடிபடும். குழாய் முனையில் ஆவி புகைந்தால் வாட் அதிகம், அல்லது குளிர்நீர் போதவில்லை. அதற்காக ஐஸ் போட்டுக் குளிரவைக்காதீர்கள், ஓம எண்ணெயில் ஓம உப்பு நிறைய உண்டு, குழாயில் படிகமாக ஒட்டி அடைத்துக்கொள்ளலாம். ஆவி போகிற வழி அடைபடவே கூடாது, அந்த வழியில் வால்வு எதுவும் போடாதீர்கள்.

வெட்டிவேருக்குப் பொறுமை வேண்டும். அங்குலத் துண்டுகளாக நறுக்கி ராத்திரி முழுக்க ஊறவைத்து, எண்ணெயும் வேண்டும் என்றால் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் வடிக்க வேண்டியிருக்கும். எண்ணெய் கெட்டியாக இருப்பதால் குளிர்நீரை வெதுவெதுப்பாகவே விடுங்கள். தண்ணீர் குறையக் குறைய எண்ணெய் பிரிந்த வடிநீரையே சூடாக்கித் திரும்ப ஊற்றுங்கள், பச்சைத் தண்ணீர் ஊற்றினால் கொதி அடங்கிப்போகும். காயில் வெளியே தெரிந்தால் சில விநாடியில் செக்கச்செவேல் என்று பழுத்து வீணாகிவிடும், ஆகவே மிதவை சுவிட்ச் ஒன்றும், காயிலோடு ஒட்டிய சூட்டுக் கட்-அவுட் ஒன்றும் இருக்கட்டும். டிகிரி பார்க்கிற கருவிக்கு இங்கே நிஜமாகவே வேலை உண்டு.

கிராமத்தில் இருப்பவர்கள் ஒரு வோல்ட்மீட்டரும் மாட்டுங்கள். சாயங்காலம் கரண்ட் 180 வோல்ட்டுக்கு இறங்கினால் 2000 வாட் காயில் 1225 வாட்தான் கொடுக்கும், 250-க்கு ஏறினால் 2360. வோல்ட் கொஞ்சம் இறங்கினாலே வாட் அதைவிட அதிகமாக இறங்கும். மத்தியானம் 35-இல் ஓடியது ஏழு மணிக்கு 55 கேட்கும், பத்து மணிக்கு எல்லோரும் மோட்டாரை நிறுத்தியதும் திரும்ப இறக்க வேண்டும்.

இந்த அமைப்பில் சாராயம் வடிக்கலாமா என்று கேட்காதீர்கள். தமிழ்நாட்டில் அது மதுவிலக்குச் சட்டப்படி குற்றம், அந்த ஆவி ஒரு பொறி பட்டாலே பற்றிக்கொள்ளவும் செய்யும்.

முடிக்கும்போது, ஜாடியில் குழாய் முனை மூழ்கியிருந்தால் முதலில் அதை வெளியே எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் வாலை ஆறும்போது வடித்ததையெல்லாம் திரும்ப உள்ளே உறிஞ்சிக்கொள்ளும். அப்புறம் எம்.சி.பி-யை இறக்குங்கள். குளிர்நீரை இன்னும் பத்து நிமிடம் ஓடவிடுங்கள்.