எம்எம்ஓ கேமில் நேரத்தையும் காசையும் போடுவதற்கு முன்

'சிட்டி ஆஃப் ஹீரோஸ்' எட்டு வருடம் ஓடிய எம்எம்ஓ, அதாவது ஏராளமானோர் இணையம் வழியாக ஒரே உலகில் சேர்ந்து விளையாடும் கேம். அதை மூடப்போவதாக 2012 ஆகஸ்ட் 31 அன்று அறிவிப்பு வந்தது. நவம்பர் 30 அன்று அதை நடத்திய என்சிசாஃப்ட் நிறுவனம் சர்வரை நிறுத்திவிட்டது. காற்று வாங்கிக்கொண்டிருந்த கேமும் இல்லை அது. கடைசி இரவு வரை ஆட்கள் கூடியிருந்தார்கள்.

இப்படி ஒரு நாள் எந்த எம்எம்ஓவுக்கும் வரலாம். ஆனாலும் காசு கொடுத்ததால் கேம் நம்முடையது என்று நினைத்துக்கொள்கிறோம். நம் கம்ப்யூட்டரில் இருப்பது பெரும்பாலும் படமும் சத்தமும்தான். நம் கேரக்டர் எந்த லெவல், பையில் என்ன வாள் இருக்கிறது, வீசிய அடி பட்டதா இல்லையா என்பதெல்லாம் கம்பெனியின் சர்வரில் முடிவாகி அங்கேயே பதிவாகிறது. சர்வர் போனால் மிஞ்சுவது லாகின் திரை மட்டுமே. டிஜிட்டல் பொருளை 'வாங்குங்கள்' என்று விற்கிறவர்கள், கிடைப்பது உரிமம்தான் என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று கலிஃபோர்னியாவில் 2025 முதல் சட்டமே இருக்கிறது. எனவே விலை உயர்ந்த ஸ்கின் (கேரக்டரின் தோற்றம்), மவுண்ட் (ஏறிப் போகும் வாகனம் அல்லது விலங்கு) எதை வாங்கினாலும், இன்றைய சந்தோஷத்துக்கு அந்த விலை தகுமா என்று மட்டும் பாருங்கள்.

முதல் வாரக் கூட்டத்தைப் பார்த்து மயங்குவது இன்னொரு தவறு. அமேசானின் 'நியூ வேர்ல்ட்' 2021 செப்டம்பரில் வந்தபோது, கேம்களை விற்கும் ஸ்டீம் தளத்தில் ஒரே நேரத்தில் 9 லட்சம் பேருக்கு மேல் விளையாடினார்கள். 2025 அக்டோபரில், இனி புது உள்ளடக்கம் வராது என்று அறிவித்துவிட்டார்கள். 1997இல் வந்த 'அல்டிமா ஆன்லைன்', 1999இல் வந்த 'எவர்குவெஸ்ட்' இரண்டும் சின்னக் கூட்டத்தை வைத்துக்கொண்டு இத்தனை வருடம் தாண்டியிருக்கின்றன. அப்டேட் ஒழுங்காக வருகிறதா, அடுத்து என்ன என்று கம்பெனி பேசுகிறதா என்று பார்ப்பது ஆள் கணக்கைவிட உதவும்.

வராத கேமுக்கு முன்பணம் கட்டுவதை நான் கண்டிப்பாக வேண்டாம் என்பேன். 'க்ரானிக்கிள்ஸ் ஆஃப் எலிரியா' 2016இல் மக்களிடம் நிதி திரட்டும் கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் 13 லட்சம் டாலருக்கு மேல் திரட்டியது. கேம் வருவதற்கு முன்பே அதில் அரச பட்டங்களைக்கூட விற்றார்கள். 2020 மார்ச்சில் பணம் தீர்ந்து ஊழியர்களை அனுப்பிவிட்டார்கள்.

எல்லாவற்றையும்விட வருத்தம் தருவது, கூட விளையாடியவர்களைத் தொலைப்பது. கில்டில், அதாவது கேமுக்குள் சேர்ந்து விளையாடும் குழுவில், வருடக்கணக்காகப் பேசியிருப்போம். கேரக்டர் பெயரைத் தவிர வேறு எதுவும் தெரியாது. கேமை உருவாக்கிய ப்ளிஸார்டுக்கும் அதைச் சீனாவில் நடத்திய நெட்ஈஸுக்கும் இருந்த ஒப்பந்தம் முடிந்து, அங்கே 2023 ஜனவரியில் 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' நின்றபோது, கேரக்டர் விவரங்களை ஒரு ஃபைலாக இறக்கி வைத்துக்கொள்ள வசதி செய்தார்கள். 2024 ஆகஸ்டில் கேம் திரும்பியும் வந்தது. கேரக்டரை ஃபைலில் வைக்கலாம், நண்பர்களை வைக்க முடியாது. கில்டுக்கு வெளியே டிஸ்கார்ட் என்ற அரட்டைச் செயலியிலோ வாட்ஸ்அப்பிலோ ஒரு குரூப்பை இன்றே தொடங்குங்கள். பிடித்த இடங்களில் நின்று ஸ்கிரீன்ஷாட்டும் எடுத்து வையுங்கள்.

சரி, மூடினால் எல்லாம் முடிந்ததா? அப்படி முடிவு கட்டுவதும் அவசரம். 2010இல் வந்து படுதோல்வி அடைந்த 'ஃபைனல் ஃபேன்டஸி 14'ஐ, 2012 நவம்பரில் கதையிலேயே ஒரு நிலவை விழவைத்து மூடினார்கள். 2013 ஆகஸ்டில் புதிதாகக் கட்டித் திறந்தார்கள். 'ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப்' 2007இன் பழைய பேக்கப்பிலிருந்து 2013இல் பிறந்தது.

அதற்காக, கம்பெனியின் அனுமதி இல்லாமல் வேறு யாரோ நடத்தும் தனியார் சர்வரை நம்பி எல்லாவற்றையும் போடாதீர்கள். வார்கிராஃப்டின் பழைய வடிவத்தை நடத்திய 'நாஸ்டால்ரியஸ்' 2016 ஏப்ரலில் சட்ட நோட்டீஸ் வந்து மூடப்பட்டது. அப்படிச் சேர்ந்தாலும், வேறெங்கும் பயன்படுத்தும் பாஸ்வேர்டை அங்கே கொடுக்க வேண்டாம்.

கம்பெனி மனது வைத்தால் வழி இருக்கிறது. 'சிட்டி ஆஃப் ஹீரோஸ்' விஷயத்திலேயே, ரசிகர்கள் நடத்தும் 'ஹோம்கமிங்' சர்வருக்கு 2024 ஜனவரியில் என்சிசாஃப்ட் முறையான உரிமம் கொடுத்தது. மூடும்போதே இதைச் செய்திருந்தால் அந்த ரசிகர்களின் இத்தனை வருடம் வீணாகியிருக்காது. விற்ற கேம்களை விளையாடும் நிலையிலேயே விட்டுப்போக வேண்டும் என்ற 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' கோரிக்கைக்கு 2025இல் ஐரோப்பாவில் 10 லட்சம் பேருக்கு மேல் கையெழுத்திட்டது இதுபோன்ற இழப்புகளால்தான்.