ஃபைல் சர்வர் ஸ்லோவா இருக்கா? கான்ஃபிக்ல கைய வைக்கறதுக்கு முன்னாடி இதெல்லாம் பாருங்க

"சர்வர் ரொம்ப ஸ்லோ"ன்னு யாராவது சொன்னதும் சாம்பா (லினக்ஸ் மெஷின்ல இருக்கற ஃபைல விண்டோஸ் மெஷின்களுக்கு பகிர்ந்து குடுக்கற சாஃப்ட்வேர்) கான்ஃபிக் ஃபைல தொறந்து நெட்ல கெடைச்ச ரெண்டு லைன ஒட்டிப் பாக்கறதுதான் நெறைய பேரு பண்றது, தயவுசெஞ்சு அத பண்ணாதீங்க. மொதல்ல எது ஸ்லோன்னு கேளுங்க. பெரிய ஃபைல் ஒண்ணு காப்பி ஆக நேரமாகுதா, குட்டிக் குட்டி ஃபைலா ஆயிரக்கணக்குல இருக்கற ஃபோல்டர் காப்பி ஆக நேரமாகுதா, ஃபோல்டர தொறந்தா லிஸ்ட் வரவே லேட்டாகுதா, இல்ல நல்லா போயிட்டு இருக்கறப்பவே திடீர்னு நின்னு நின்னு ஓடுதா? நாலுக்கும் காரணம் வேற வேற. ஒரு ஆளுக்கு மட்டுமா எல்லாருக்குமான்னும் கேட்டுக்கோங்க, ஒருத்தருக்கு மட்டும்னா சர்வர தொடவே வேண்டாம், அவரோட கேபிள், வைஃபை, ஆன்ட்டிவைரஸ் இதுல எதோ ஒண்ணுதான்.

நான் இங்க சொல்றது லினக்ஸ் மெஷின்ல சாம்பா, க்ளையன்ட் எல்லாம் விண்டோஸ், நடுவுல ஒரு கிகாபிட் ஸ்விட்ச், அதாவது சின்ன ஆஃபீஸ்ல வழக்கமா இருக்கற செட்டப். கீழ இருந்து மேல போகணும்: மொதல்ல நெட்வொர்க், அப்பறம் டிஸ்க், அப்பறம் சிபியு, கடைசியாத்தான் சாம்பா.

நெட்வொர்க் ஸ்பீட அளக்க ஐபெர்ஃப்3 (iperf3)ங்கற டூல் போதும். சர்வர்ல மைனஸ் எஸ் (-s) போட்டு ஓட விடுங்க, க்ளையன்ட்ல மைனஸ் சி (-c) போட்டு சர்வர் ஐபிய குடுங்க. இது டிஸ்க்க தொடாது, வெறும் நெட்வொர்க்க மட்டும் அளக்கும், அதனாலதான் இத மொதல்ல பண்ணச் சொல்றேன். கிகாபிட்னா 940 மெகாபிட் பக்கம் வரணும், அதுக்கு ஃபைல் காப்பில செகண்டுக்கு 110 எம்பி சுமாரா கெடைக்கும். அடுத்து பெரிய ஆர் (-R) போட்டு எதிர் திசையிலயும் ஓட்டுங்க, இத விட்டுடாதீங்க, ஒரு பக்கம் நல்லா போயி இன்னொரு பக்கம் படுத்துடற கேஸ் நெறைய உண்டு, அப்படி இருந்தா டூப்ளெக்ஸ் (ஒரே நேரத்துல ரெண்டு பக்கமும் டேட்டா போகலாமாங்கற செட்டிங்) ரெண்டு முனையிலயும் ஒண்ணாதான் இருக்கா, போர்ட்ல எர்ரர் கவுன்ட் ஏறுதான்னு பாருங்க.

காப்பி ஸ்பீடு சரியா 11 எம்பி கிட்டயே நின்னுச்சுன்னா வேற எங்கயும் தேட வேண்டாம், லிங்க் 100 மெகாபிட்ல எறங்கி ஒக்காந்திருக்கு. ஈத்டூல் (ethtool, லிங்க் ஸ்பீட காட்டற கமாண்ட்) போட்டு பாத்தா தெரிஞ்சிடும். கிகாபிட்டுக்கு கேபிள்ல இருக்கற நாலு ஜோடி கம்பியும் வேணும், 100க்கு ரெண்டு ஜோடியே போதும், அதனால கிரிம்ப் பண்ண (கேபிள் முனையில பிளக் மாட்டின) எடத்துல ஒரு கம்பி சரியா ஒட்டலன்னாலும் லிங்க் லைட் எரியும், இன்டர்நெட் நல்லா வரும், யாருக்கும் சந்தேகமே வராது, ஃபைல் காப்பில மட்டும்தான் அடி வாங்கும். பேட்ச் கார்ட (அந்த குட்டி நெட்வொர்க் கேபிள) மாத்துங்க, சரியாயிடும். ஜம்போ ஃப்ரேம்னு (ஒரு பாக்கெட்ல வழக்கமான 1500 பைட்டுக்கு பதிலா 9000 பைட் அனுப்பறது) யாராவது சர்வர்ல மட்டும் 9000 வச்சிருந்தா 1500க்கு கொண்டு வந்துடுங்க, வழியில இருக்கற எல்லா பொட்டியும் ஒத்துக்கிட்டாத்தான் அது வேலை செய்யும்.

நெட்வொர்க் சரின்னா டிஸ்க். என் கருத்துல பாதிக்கு மேல பிரச்சினை இங்கதான் இருக்கு, ஆனா கடைசியாத்தான் இங்க வந்து பாக்கறாங்க. டிஸ்க் எவ்வளவு பிசின்னு காட்டற ஐயோஸ்டாட்ட மைனஸ் எக்ஸ் 1னு (iostat -x 1) போட்டு விட்டுட்டு யூசர்கிட்ட அவரு வழக்கமா பண்ற வேலைய பண்ணச் சொல்லுங்க. யூட்டில் (டிஸ்க் பிசியா இருக்கற பர்சன்ட்) 100 கிட்டயே நிக்குது, அவெய்ட் (ஒரு வேலைக்கு காத்திருக்கற நேரம்) பத்து இருபது மில்லிசெகண்ட தாண்டி நூறு எரநூறுன்னு போகுதுன்னா டிஸ்க் மூச்சு வாங்குதுன்னு அர்த்தம். 7200 ஆர்பிஎம் ஹார்ட் டிஸ்க் ஒண்ணு தொடர்ச்சியா படிச்சா 150 எம்பிக்கு மேல குடுக்கும், ஆனா இங்க கொஞ்சம் அங்க கொஞ்சம்னு தேடிப் படிக்கச் சொன்னா செகண்டுக்கு நூறு தடவ பக்கம்தான் அதால முடியும். நாலு பேரு ஒரே நேரத்துல அக்கவுண்ட்ஸ் டேட்டாவ தொறந்து வச்சிருக்காங்க, கூடவே பேக்கப் ஓடுதுன்னா அந்த நூறும் காலி. ரெய்ட் 5 (பல டிஸ்க்க ஒண்ணா சேத்து, ஒண்ணு போனாலும் டேட்டா தப்பிக்கற மாதிரி வைக்கறது) போட்டிருந்தா இன்னும் மோசம், ஒரு சின்ன ரைட்டுக்கு ரெண்டு தடவ படிச்சு ரெண்டு தடவ எழுதணும்.

மாசத்துல ஒரு ஞாயித்துக்கிழம மட்டும் படுத்துதுன்னா ப்ராக் ஃபோல்டர்ல எம்டிஸ்டாட் ஃபைல (/proc/mdstat, ரெய்டோட நெலமைய காட்டும்) பாருங்க, டெபியன் லினக்ஸ்ல மாசத்தோட மொத ஞாயிறு நடுராத்திரி 12:57க்கு ரெய்ட் செக் தானா ஆரம்பிக்கும், டிஸ்க் பெருசா இருந்தா பகல் வரைக்கும் இழுக்கும். டிஸ்க்கோட ஆரோக்கியத்த சொல்ற ஸ்மார்ட்சிடிஎல்லயும் (smartctl) ஒரு பார்வ பாத்துடுங்க, பென்டிங் செக்டார் (சரியா படிக்க முடியாத எடம்) ஏறிக்கிட்டு இருந்தா ட்யூனிங்க விட்டுட்டு மொதல்ல பேக்கப் எடுங்க. வாங்கின டிஸ்க் எஸ்எம்ஆரா (ட்ராக்க ஒண்ணு மேல ஒண்ணு ஏத்தி எழுதற வகை) சிஎம்ஆரான்னும் (ட்ராக்க தனித்தனியா எழுதற வழக்கமான வகை) பாக்கணும். வெஸ்டர்ன் டிஜிட்டலோட டபிள்யூடி ரெட்ல 2லேர்ந்து 6 டிபி வரைக்கும் சில மாடல் எஸ்எம்ஆர்னு 2020லதான் வெளிய தெரிஞ்சுது, என்ஏஎஸ்க்குன்னே (நெட்வொர்க்ல மாட்டற ஸ்டோரேஜ் பொட்டிக்குன்னே) வித்த டிஸ்க் அது. எஸ்எம்ஆர்ல கொஞ்ச நேரம் நல்லா எழுதும், அப்பறம் அப்படியே தரைக்கு வந்துடும், ரெய்ட் ரீபில்டுன்னா (போன டிஸ்க்க மாத்தி டேட்டாவ திரும்ப எழுதறது) கேக்கவே வேணாம். இன்னொண்ணு, டிடி (dd) கமாண்ட்ல எழுதிப் பாத்து டிஸ்க் ஸ்பீட டெஸ்ட் பண்றவங்க ஓ-ஃப்ளாக்ல டைரக்ட்னு (oflag=direct) சேத்துக்கோங்க, இல்லன்னா ரேம் ஸ்பீட அளந்துட்டு டிஸ்க் சூப்பர்னு நம்பிடுவீங்க.

சிபியு சீக்கிரம் பாத்துடலாம். டாப் (top) கமாண்ட ஓட விட்டு 1 அழுத்துங்க, கோர் தனித்தனியா தெரியும். சாம்பா ஒரு க்ளையன்ட்டுக்கு ஒரு ப்ராசஸ்தான் குடுக்கும், அதனால மொத்த சிபியு 25 பர்சன்ட்டுன்னு காட்டினாலும் ஒரு கோர் முழுசா மாட்டிக்கிட்டிருக்கலாம். காரணம் பெரும்பாலும் சைனிங் (நடுவுல யாரும் மாத்தலன்னு உறுதி பண்ண ஒவ்வொரு பாக்கெட்டுலயும் முத்திர போடறது), இல்லன்னா என்க்ரிப்ஷன் (டேட்டாவ பூட்டி அனுப்பறது). விண்டோஸ் 11 ப்ரோ 24எச்2ல சைனிங் கட்டாயம்னு ஆயிடுச்சு, "அப்டேட் பண்ணதுலேர்ந்து ஸ்லோ"ன்னு சொன்னா இத நெனச்சுக்கோங்க. எஸ்எம்பிஸ்டேட்டஸ் (smbstatus) கமாண்ட் போட்டா யாரு எஸ்எம்பியோட (விண்டோஸ் ஃபைல் பகிர்ற முறை) எந்த வெர்ஷன்ல, சைனிங்கோட வந்திருக்காங்கன்னு காட்டும். இதுக்காக சைனிங்க ஆஃப் பண்ணாதீங்க, பாதுகாப்பு போயிடும், சிபியு ரொம்ப பழசுன்னா மெஷின மாத்தறதுதான் சரி.

இப்ப சாம்பா. கான்ஃபிக்க சரிபாத்து காட்டற டெஸ்ட்பார்ம் (testparm) ஓட்டி பாருங்க, சாக்கெட் ஆப்ஷன்ஸ்ல ரிசீவ் பஃபர் (வர்ற டேட்டாவ தற்காலிகமா வைக்கற எடம்) 8192ன்னு பழைய பதிவுலேர்ந்து எடுத்த லைன் இருந்தா மொதல்ல அத தூக்குங்க. லினக்ஸ் கெர்னல் பஃபர தானே பெருசு பண்ணிக்கும், அந்த லைன் அத நிறுத்தி வச்சிடும். லாக் லெவல் (எவ்வளவு விவரமா பதிவு எழுதணும்ங்கற அளவு) 10ல விட்டிருந்தா 1க்கு கொண்டு வாங்க. ஒரே ஃபோல்டர்ல லட்சம் ஃபைல் இருக்கா? விண்டோஸ் பெரிய எழுத்து சின்ன எழுத்து பாக்காது, லினக்ஸ் பாக்கும், அதனால புதுசா ஒரு ஃபைல் உருவாக்கணும்னாலும் அந்த பேர் ஏற்கனவே இருக்கான்னு சாம்பா ஃபோல்டர் முழுக்க தேட வேண்டியிருக்கு. கேஸ் சென்சிட்டிவ்னு (பெரிய எழுத்தையும் சின்ன எழுத்தையும் வேற வேறயா பாக்கறது) ஒரு செட்டிங் இருக்கு, ஆனா அத மாத்தினா ஏற்கனவே இருக்கற பேரையெல்லாம் சின்ன எழுத்துக்கு மாத்தணும், என்ன கேட்டா வருஷம் மாசம்னு ஃபோல்டர பிரிச்சு வைக்கறதே நல்லது.

குட்டி ஃபைல் காப்பி ஸ்லோன்னு வந்தவங்களுக்கு: ஒவ்வொரு ஃபைலுக்கும் தொற, படி, மூடுன்னு பல தடவ போயிட்டு வரணும், லைன் எவ்வளவு அகலமா இருந்தாலும் இந்த அலைச்சல் கொறையாது. ஜிப் பண்ணி ஒரே ஃபைலா அனுப்புங்க, முடியலன்னா விண்டோஸ்லயே வர்ற ரோபோகாப்பி கமாண்ட்ல எம்டி ஸ்விட்ச் (/MT) போடுங்க, எட்டு த்ரெட்ல ஒண்ணா போகும்.

கடைசியா அந்த நின்னு நின்னு ஓடற கேஸ். காப்பி ஆரம்பிக்கறப்ப 110 எம்பி, ஒரு நிமிஷம் கழிச்சு ஜீரோ, மறுபடி 110, இப்படி இருந்தா லினக்ஸ் வர்ற டேட்டாவ ரேம்ல சேத்து வச்சுட்டு மொத்தமா டிஸ்க்குல கொட்டுதுன்னு அர்த்தம். இப்படி டிஸ்க்குக்கு போகாம ரேம்ல எவ்வளவு சேரலாம்ங்கற அளவான டர்ட்டி ரேஷியோ வழக்கமா 20 பர்சன்ட், 32 ஜிபி ரேம்னா 6 ஜிபி வரைக்கும் சேரலாம், ஸ்லோ டிஸ்க் அத எழுதி முடிக்கற வரைக்கும் எல்லாரும் காத்துக்கிட்டு இருக்கணும். லினக்ஸ் கெர்னல் செட்டிங்க மாத்தற சிஸ்சிடிஎல்ல (sysctl) டர்ட்டி பேக்ரவுண்ட் பைட்ஸ (பின்னணியில எழுத ஆரம்பிக்கற அளவு) 256 எம்பி, டர்ட்டி பைட்ஸ (அதிகபட்சம் சேரலாம்ங்கற அளவு) 1 ஜிபின்னு வச்சுப் பாருங்க, மொத்த நேரம் கொறையாது, ஆனா காப்பி ஒரே சீரா போகும், பக்கத்துல ஃபைல் தொறக்கறவங்களும் மாட்டிக்க மாட்டாங்க.