பழைய மீள்நிரப்பு ராக்கெட் மோட்டாரைச் சோதித்து ஆயத்தப்படுத்தும் முறை

அமெரிக்காவில் மூத்த ராக்கெட் ஆர்வலர் ஒருவர் இந்தப் பொழுதுபோக்கிலிருந்து ஒதுங்கும்போது, அவருடைய பெட்டியிலிருந்து அடுத்தவர் கைக்கு வந்து சேர்பவற்றுள் மீள்நிரப்பு மோட்டார்களே மதிப்பு மிக்கவை. 1990-களில் வாங்கிய, ஏரோடெக் நிறுவனத்தின் ஆர்.எம்.எஸ். (மீள்நிரப்பு மோட்டார் அமைப்பு) உறைகள் இன்றும் பயன்பாட்டில் உள்ளன. அலுமினிய உறையும் அதன் இரு முனை மூடிகளும் முறையாகப் பேணப்பட்டால் பல ஆண்டுகள் உழைக்கும். ஒரே முறை பயன்படும் நிரப்புப் பொதியோ ரப்பர், காகிதம், எரிபொருள், பாராசூட் வெளிவரும் நேரத்தைத் தள்ளிப்போடும் தாமதக் கட்டை எனத் தத்தம் வேகத்தில் மூப்படையும் பொருள்களால் ஆனது. ஆகவே உறையையும் நிரப்பையும் தனித்தனியே சோதிக்க வேண்டும். உறை நன்றாக இருக்கிறது என்பதற்காக அதனுடன் வந்த நிரப்பையும் நம்பிவிடக் கூடாது.

முதலில் தாள்களைப் பார்க்க வேண்டும். உறையில் 29/40-120 என்று பொறித்திருந்தால், அது 29 மில்லிமீட்டர் விட்டமும் 40 முதல் 120 நியூட்டன்-வினாடி வரையிலான மொத்த உந்தமும் (உந்துவிசையும் அது நீடிக்கும் நேரமும் சேர்ந்த அளவு) கொண்ட நிரப்புகளுக்கானது என்று பொருள். அந்த உறைக்கும் மூடிகளுக்கும் உரிய நிரப்புகள் எவை என்பதைத் தயாரிப்பாளரின் அட்டவணையில் சரிபார்ப்பதுடன், அந்த நிரப்பு இன்னும் சான்றிதழ்ப் பட்டியலில் உள்ளதா என்பதையும் நேஷனல் அசோசியேஷன் ஆஃப் ராக்கெட்ரி அல்லது டிரிப்போலி என்னும் ராக்கெட் ஆர்வலர் அமைப்பின் பட்டியலில் பார்த்துவிட வேண்டும். சான்று நீக்கப்பட்ட நிரப்பு எவ்வளவு புதியதாகத் தோன்றினாலும் ஏவுகளத்துக்குக் கொண்டுபோகக் கூடாது. உந்தம் 160 நியூட்டன்-வினாடியைத் தாண்டிய எச், ஐ (H, I) வகை நிரப்புகளுக்கு அந்த அமைப்புகளின் முதல் நிலைச் சான்று பெற்றவராகவும் இருக்க வேண்டும். பொதிக்குரிய அறிவுறுத்தல் தாள் தொலைந்திருந்தால், அதே நிரப்புக்கான தாளைத் தேடி எடுத்த பிறகே வேலையைத் தொடங்க வேண்டும்.

உறையைச் சோதிக்கும்போது பழைய கரியையும் கிரீஸையும் முற்றிலும் துடைத்தெடுத்து, நல்ல வெளிச்சத்தில் உட்புறத்தைப் பார்க்க வேண்டும். ஓ-ரிங் என்னும் ரப்பர் அடைப்பு வளையம் உட்காரும் பகுதியில் நகத்தை மெல்ல இழுத்துப் பார்த்தால் கண்ணுக்குத் தப்பிய கீறலும் தட்டுப்படும். நகம் சிக்கும் அளவுக்குக் கீறல் இருந்தால், சூடான வாயு அந்த வழியே வெளியேறப் பாதை கிடைத்துவிடும். வெளிவிட்டத்தை வெர்னியர் காலிப்பரால் பல இடங்களிலும், ஒவ்வோர் இடத்திலும் இரு திசைகளிலும் அளந்தால் வீக்கமும் நெளிவும் வெளிப்பட்டுவிடும். வண்ணப் பூச்சு ஓரிடத்தில் மட்டும் வெளிறியோ கருகியோ இருந்தால், உள்ளே உறையை வெப்பத்திலிருந்து காக்கும் காப்புக் குழாய் எரிந்து உலோகம் மிகையாகச் சூடேறியிருக்கலாம். சூட்டில் வலிமை இழந்த அலுமினியத்தை மெருகேற்றி மீட்க முடியாது. அந்த உறையை ஒதுக்கிவிட வேண்டியதுதான். மூடிகள் காய்ந்த நிலையிலும் மரையில் கையாலேயே தடையின்றிச் சுழன்று ஏற வேண்டும். இடுக்கி தேவைப்பட்டால் மரை கெட்டிருக்கிறது அல்லது அழுக்கு மீதியிருக்கிறது. முன்மூடியில் தாமதக் கட்டை உட்காரும் குழியைக் கூடுதல் கவனத்துடன் சுத்தம் செய்ய வேண்டும், ஏனென்றால் அங்கே படிந்த கரி இறுகிப்போய் உலோகம் போலவே தோன்றும்.

அடுத்து ஓ-ரிங்குகள். பொதியில் வந்த வளையத்தை வளைத்துப் பிடித்து, வெளிப்பக்கத்தில் மயிரிழை வெடிப்பு தெரிகிறதா என்று வெளிச்சத்துக்கு எதிரே சுற்றிப் பார்க்க வேண்டும். தட்டையாகிப்போன, விறைத்துப்போன, பிசுபிசுக்கும் வளையம் எதுவும் ஏற்புடையதன்று. என் கருத்தில், பொதி பழையதாக இருந்தால் வளையங்கள் நன்றாகத் தோன்றினாலும் தயாரிப்பாளரிடமிருந்து அதே அளவுள்ள புதியவற்றை வாங்கி மாற்றிவிடுவதே முறை. சில உறைகளில் முன்வளையமும் பின்வளையமும் தடிப்பில் வேறுபடும். இடம் மாறினால் மூடி இறுகியது போலத் தோன்றினாலும் அடைப்பு சரியாக இராது. கடையில் கிடைக்கும் ஏறத்தாழ ஒத்த அளவுள்ள வளையத்தை ஒருபோதும் போடக் கூடாது.

எரிபொருள் துண்டுகளில்தான் மிகுந்த பொறுமை வேண்டும். அம்மோனியம் பெர்குளோரேட்டை ரப்பர் போன்ற பிணைப்பானில் கலந்து வார்த்த இந்தத் துண்டு, எந்தப் பரப்பு திறந்திருக்கிறதோ அந்தப் பரப்பில் மட்டுமே எரியும். அந்தப் பரப்பின் அளவே உள்ளழுத்தத்தைத் தீர்மானிக்கிறது. வெடிப்போ, உடைந்த விளிம்போ, காகித உறையிலிருந்து பிரிந்த இடைவெளியோ இருந்தால் வடிவமைப்பில் இல்லாத புதுப்பரப்பும் சேர்ந்து எரியும். அழுத்தமோ பரப்பின் விகிதத்தைக் காட்டிலும் வேகமாக ஏறும். அழுத்தம் ஏறினால் எரிவேகம் எவ்வளவு ஏறும் என்பதைக் காட்டும் அடுக்கெண் 0.4 என்று கொண்டால், எரிபரப்பு 20 சதவீதம் கூடும்போது அழுத்தம் ஏறத்தாழ 35 சதவீதம் கூடிவிடும். ஆதலால் ஒவ்வொரு துண்டையும் கையிலெடுத்து, இரு முனைகளிலும் எரிபொருளும் காகிதமும் சேரும் கோட்டைச் சுற்றிப் பார்க்க வேண்டும். நடுத்துளையின் ஊடாக வெளிச்சத்தை நோக்கியும் பார்க்க வேண்டும். ஓரிடத்தில் பிரிந்திருந்தாலும் அந்தத் துண்டு பயன்படாது. பசையிட்டு ஒட்டிச் சரிசெய்யவும் முயலக் கூடாது.

பொதியின் உறை கிழிந்து ஈரக்காற்று பட்டிருந்தால், எரிபொருளின் மேல் வெண்ணிறப் பூச்சு படிந்திருக்கலாம். ஈரத்தை இழுக்கும் உப்பு மேற்பரப்புக்கு வந்ததன் அடையாளம் அது. அத்தகைய துண்டு பற்றிக்கொள்ள மறுக்கும், அல்லது திக்கித் திணறிப் பற்றி ராக்கெட்டை ஏவுகம்பியிலிருந்து மெதுவாகக் கிளப்பித் திசைமாற்றும். அதைச் சுரண்டிப் பயன்படுத்துவோர் உண்டு. ஆனால் சுரண்டிய துண்டு சான்று பெற்ற வடிவில் இருக்காது என்பதால், தயாரிப்பாளரே எழுத்தில் சொன்னாலன்றி அந்த வழியை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

தாமதக் கட்டையையும் அதற்குரிய சிறு வளையத்தையும் அற்பமாக எண்ணிவிடக் கூடாது. அந்த வளையம் கசிந்தால், சூடான வாயு நேராக வெளியேற்று மருந்தைச் சென்றடைந்து, ராக்கெட் முழு வேகத்தில் ஏறிக்கொண்டிருக்கும்போதே பாராசூட்டைத் தள்ளிவிடும். பழைய கட்டையின் தாமத நேரத்தையும் முழுமையாக நம்ப முடியாது. ஆகவே பழைய நிரப்பை விலையுயர்ந்த ராக்கெட்டில் பொருத்தாமல் எளிய ராக்கெட்டில் பொருத்துவதும், இயன்றால் மின்னணு உயரமானியைக் கொண்டு பாராசூட்டை வெளியேற்றுவதும் நல்லது.

மோட்டாரின் பாகங்களைப் பூட்டும் மேசைக்கு 25 அடிக்குள் புகைபிடித்தலோ திறந்த சுடரோ வெப்பமோ இருக்கக் கூடாது. காப்புக் குழாயின் உள்விளிம்பில் உள்ள பிசிறை நகத்தால் வழித்துவிட்டு, வளையங்களுக்கும் மரைகளுக்கும் அறிவுறுத்தல் தாள் சொல்லும் கிரீஸை மெல்லிய படலமாகத் தடவ வேண்டும். எரிபொருளின் மேலும் தாமதக் கட்டையின் எரியும் முகத்தின் மேலும் அது படக் கூடாது. ஏரோடெக் உறையில் பின்மூடி கடைசிச் சில மில்லிமீட்டரில் கடுமையாக எதிர்த்து நிற்பது இயல்பே. அது முழுமையாக உட்காரவில்லையென்றால், முன்மூடியை ஒரு சுற்றுத் தளர்த்திவிட்டுப் பின்மூடியை மீண்டும் இறுக்குமாறு அதன் தாள் கூறுகிறது. ஏதேனும் ஒரு பாகம் மேசையில் மிஞ்சியிருந்தால், அது எவ்வளவு சிறியதாக இருந்தாலும், முழுவதையும் கழற்றித் தொடக்கத்திலிருந்து பூட்ட வேண்டும்.

பொதியுடன் வந்த பழைய காப்பர்ஹெட் வகை இக்னைட்டரை (எரிபொருளைப் பற்றவைக்கும் பாகம்) ஒதுக்கிவிட்டு, அதே மோட்டாருக்கு ஏற்ற புதியதைப் பயன்படுத்தலாம். ராக்கெட் ஏவுகம்பியில் ஏறி வானை நோக்கி நின்ற பின்னரே அதைச் செருக வேண்டும். பொத்தானை அழுத்தியும் பற்றவில்லையென்றால், பாதுகாப்புச் சாவியை எடுத்துவிட்டு அல்லது மின்கலத்தைத் துண்டித்துவிட்டு, 60 வினாடி கழியும்வரை யாரையும் அருகே விடக் கூடாது.

சோதனையில் தேறாத எரிபொருளைக் குப்பைத்தொட்டியில் போடுவதும் தண்ணீரில் ஊறவைப்பதும் தவறு. பெர்குளோரேட் நீரில் எளிதில் கரைந்து நிலத்தடி நீரைச் சேரும். உடலில் சேர்ந்தால் தைராய்டு சுரப்பி அயோடினை எடுத்துக்கொள்வதைத் தடுக்கும். தயாரிப்பாளரின் அழிப்பு முறையைப் பின்பற்றி, சங்கத்தின் அனுபவமிக்க ஒருவர் உடனிருக்க அதைச் செய்து முடிக்க வேண்டும். கெட்டுப்போன உறையை அப்படியே பெட்டியில் திரும்ப வைக்காமல் ரம்பத்தால் இரண்டாக அறுத்துவிட்டால், அடுத்து அந்தப் பெட்டியைத் திறப்பவர் அதை நல்ல உறையென்று எண்ணி எடுக்க மாட்டார்.