தேசிய அணியின் நடுக்களத்தைப் பார்க்கப் பழகுவது எப்படி?

உலகக் கோப்பை, யூரோ (ஐரோப்பிய நாடுகளின் கோப்பை) வரும்போது மட்டும் கால்பந்து பார்ப்பவர்களின் கண் பெரும்பாலும் பந்தோடேயே ஓடும். கோல் ஏன் விழுந்தது என்று கேட்டால் ஸ்ட்ரைக்கர் பெயரைச் சொல்வார்கள், ஆனால் பாதி நேரம் பதில் அவருக்குப் பின்னால், நடுக்களத்தில் இருக்கிறது. அதைப் பிடிக்க ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்: ஒருவர் முன்னால் ஏறும்போது, அவர் விட்டுப் போன இடத்தை யார் காக்கிறார்?

படி 1: முதலில் 6-ஐத் தேடுங்கள்

வர்ணனையாளர்கள் 6, 8, 10 என்று சொல்வது வேலையை, சட்டை எண்ணை அல்ல. 2010-இல் உலகக் கோப்பை வென்ற ஸ்பெயினில் 6-ஆம் எண் சட்டை இனியெஸ்டாவுடையது, ஆனால் 6-இன் வேலையைப் பார்த்தது 16-ஆம் எண் போட்ட புஸ்கெட்ஸ். அதனால் எண்ணைப் பார்க்காமல், டிஃபென்ஸுக்கு முன்னால் நிற்பவர் யார் என்று பாருங்கள்.

ஆட்டத்தின் முதல் பத்து நிமிடம் அவரை மட்டும் பாருங்கள். பந்து எங்கே போனாலும் பரவாயில்லை, கோல் விழுந்தால் ரீப்ளே போடுவார்கள். தன் அணி தாக்கும்போது அவர் எங்கே நிற்கிறார்? பந்து வருவதற்கு முன்பே தலையைத் திருப்பிப் பார்க்கிறாரா? டிஃபென்ஸின் மையத்தில் நிற்கும் சென்டர் பேக் இருவருக்கும் நடுவில் இறங்கிப் பந்து வாங்குகிறாரா?

இதில் இரண்டு வகை ஆட்கள் உண்டு. பந்தைப் பறிப்பவர் ஒரு வகை: 2018-இல் பிரான்ஸின் காண்டே. பந்தைப் பிரித்துக் கொடுப்பவர் இன்னொரு வகை: 2006-இல் இத்தாலியின் பிர்லோ. ஜெர்மனிக்கு எதிரான அரையிறுதியில் 119-ஆவது நிமிடம், பெனால்டி ஏரியாவின் விளிம்பில், கூட்டத்துக்கு நடுவே கிரோசோவுக்கு பிர்லோ தட்டிவிட்ட பாஸை ஒருமுறை தேடிப் பாருங்கள், அவ்வளவு அழகு. ஆனால் பிர்லோ நிதானமாகத் தலை தூக்கிப் பார்க்க நேரம் கிடைத்ததே, பக்கத்தில் கட்டூசோ ஓடி ஓடி மோதிக்கொண்டிருந்ததால்தான். நடுக்கள வீரரைத் தனி ஆளாக மதிப்பிடாதீர்கள், அவருடைய ஜோடியையும் சேர்த்துப் பாருங்கள்.

படி 2: 8, அப்புறம் 10

8 என்பவர் இரண்டு பெனால்டி ஏரியாவுக்கும் நடுவே ஓடுபவர். 2018 உலகக் கோப்பை இறுதிப்போட்டியில் பிரான்ஸின் போக்பா அடித்த கோலை எடுத்துக்கொள்ளுங்கள். தன் பாதியிலிருந்து எம்பாப்பேவுக்கு நீளமாக ஒரு பாஸ் கொடுத்துவிட்டு, அதோடு நிற்காமல் ஓடிப்போய், பெனால்டி ஏரியாவின் விளிம்பில் பந்து திரும்பி வந்தபோது அங்கே இருந்தார். முதல் ஷாட் தடுக்கப்பட்டது, இரண்டாவது இடது காலில் உள்ளே போனது. அவ்வளவு தூரம் அவர் நிம்மதியாக ஏற முடிந்ததற்குப் பின்னால் இன்னொருவர் நின்றிருந்தார். காண்டே 55-ஆவது நிமிடத்திலேயே வெளியேறிவிட்டதால் அப்போது அது என்சோன்சி.

10 எதிரணியின் நடுக்களத்துக்கும் டிஃபென்ஸுக்கும் இடையில் இருக்கும் சந்தில் பந்து வாங்குபவர். 2022-இல் காண்டே, போக்பா இருவரும் காயத்தால் வராததால் பிரான்ஸ் பயிற்சியாளர் தெஷாம் ஸ்ட்ரைக்கரான கிரீஸ்மனை நடுக்களத்துக்கு இறக்கினார். அவர் 10 போலப் பாஸ் கொடுத்தார், பந்து போனதும் 8 போலத் திரும்பி ஓடிவந்தார். எனக்கு அந்தத் தொடரிலேயே மிகவும் பிடித்த ஆட்டம் அவருடையதுதான்.

படி 3: பந்து இல்லாதபோது எண்ணுங்கள்

டிவியில் 4-3-3 (டிஃபென்ஸில் நான்கு, நடுவில் மூன்று, முன்னால் மூன்று பேர்) என்று காட்டுவார்கள், அதை அப்படியே நம்ப வேண்டாம். எதிரணியிடம் பந்து இருக்கும்போது நடு வரிசையில் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். 2018-இல் பிரான்ஸின் இடதுபுறம் விங்கர் (ஓரத்திலிருந்து தாக்குபவர்) இடத்தில் இருந்த மட்யூடி உண்மையில் ஒரு நடுக்கள வீரர். வலதுபுறம் எம்பாப்பே முன்னாலேயே தங்கினால் இடதுபுறம் இவர் உள்ளே வந்து ஓட்டையை அடைப்பார். 2022-இல் மொராக்கோ அம்ராபத்தைத் தனியாக டிஃபென்ஸுக்கு முன்னால் நிறுத்தி, அவருக்கு முன்னால் நான்கு பேரை வரிசையாக வைத்தது. ஸ்பெயின் 120 நிமிடத்தில் ஆயிரத்துக்கும் மேல் பாஸ் போட்டும் அந்தச் சுவரில் வழி கிடைக்கவில்லை, பெனால்டி ஷூட்டவுட்டில் தோற்றது.

படி 4: இது கிளப் அணி அல்ல

தேசிய அணிப் பயிற்சியாளருக்கு வீரர்கள் வருடத்தில் சில வாரங்கள்தான் கிடைப்பார்கள், விருப்பப்பட்ட ஆளை விலைக்கு வாங்கவும் முடியாது. அதனால் ஏற்கெனவே பழகிய ஜோடி கிடைத்தால் பெரிய வரம். ஸ்பெயினுக்கு புஸ்கெட்ஸ், ஷாவி, இனியெஸ்டா மூவரும் பார்சிலோனாவிலிருந்து அப்படியே கிடைத்தார்கள். இங்கிலாந்திடம் ஜெரார்டு, லாம்பார்டு என்று இரண்டு அருமையான 8 இருந்தார்கள், இருவருக்குமே முன்னால் ஏறுவதுதான் பலம். யூரோ 2004-இல் இருவரையும் நடுவில் வைக்க, ஸ்கோல்ஸ் இடது ஓரத்துக்குப் போனார். அதே ஆண்டு 29 வயதில் தேசிய அணியிலிருந்தே விலகினார். நல்ல வீரர்கள் மூன்று பேர், ஆனால் நம் கேள்விக்கு அங்கே சரியான பதில் இல்லை.

படி 5: ஒரு ஆட்டத்தை எடுத்துப் பழகுங்கள்

அர்ஜென்டினா–குரோஷியா, 2022 அரையிறுதி. முழு ஆட்டமாகவே பாருங்கள், ஹைலைட்ஸில் நடுக்களம் தெரியாது. குரோஷியாவிடம் மோட்ரிச், புரோசோவிச், கோவாசிச் என்று பந்தை விட்டுக்கொடுக்காத மூவர். அதற்காக அர்ஜென்டினா பயிற்சியாளர் ஸ்கலோனி, டி பால், பரேதெஸ், என்ஸோ பெர்னாண்டஸ், மேக் அலிஸ்டர் என நான்கு நடுக்கள வீரர்களை இறக்கினார். இதில் என்ஸோ தொடர் தொடங்கியபோது முதல் பதினொன்றிலேயே இல்லை.

முதல் அரைமணி நேரம் பந்து குரோஷியாவிடம்தான் அதிகம் இருக்கும், ஒன்றும் நடக்காதது போலத் தெரியும், அவசரப்பட்டு ஓட்டிவிடாதீர்கள். அந்த நால்வரும் எப்படி நெருங்கி நிற்கிறார்கள், ஒருவர் பந்து வைத்திருப்பவரை நெருக்கி பிரஸ் செய்யப் போனால் பக்கத்தில் இருப்பவர் எத்தனை அடி நகர்கிறார் என்று பாருங்கள். அப்புறம் என்ஸோ டிஃபென்ஸுக்குப் பின்னால் ஒரு பாஸ் போடுவார், அல்வாரஸ் ஓடுவார், கோல்கீப்பர் மோதுவார், பெனால்டி. மெஸ்ஸி அடித்ததை எல்லோரும் பார்த்திருப்பார்கள். நீங்கள் ஆட்டத்தைக் கொஞ்சம் பின்னால் ஓட்டி, என்ஸோ அந்தப் பாஸ் போடும் நொடியில் நிறுத்திவிட்டு, மற்ற மூன்று பேரும் எங்கே நிற்கிறார்கள் என்று ஒரு தாளில் புள்ளி வையுங்கள்.