குடிபோதை வாகன வழக்கைத் தீர்ப்பு வரை செய்தியாக்கும் முறை

தருமபுரி மாவட்டத்தின் தொப்பூர் கணவாயிலோ கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சூளகிரிப் பக்கமோ போதையில் ஓட்டிய வாகனம் மோதி உயிர் போனால், கைதான அன்று செய்தி வருகிறது. அதன்பின் அந்த வழக்கு என்னவாயிற்று என்று ஊருக்குத் தெரிவதே இல்லை. இந்த இடைவெளியை நிரப்ப விரும்பும் உள்ளூர்ச் செய்தியாளர், காவல் நிலையக் குற்ற எண்ணையும் நீதிமன்ற வழக்கு எண்ணையும் முதலில் தனித்தனியே குறித்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு வழக்குக்கும் தனியே தரப்படும், எழுத்தும் எண்ணுமாக 16 இடங்கள் கொண்ட சி.என்.ஆர். எண் கிடைத்துவிட்டால், அடுத்த வாய்தா எப்போது என்பதை நீதிமன்றங்களின் இணையதளமான இ-கோர்ட்ஸிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்தது சட்டப்பிரிவு. செய்திகள் பெரும்பாலும் தடுமாறுவது இங்கேதான். 100 மில்லி இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் மது இருப்பது சோதனையில் தெரிந்தால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆம் பிரிவு பொருந்தும்; முதல் முறைக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டுமே விதிக்கப்படலாம். மரணம் நேர்ந்திருந்தால், இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவில் அலட்சிய மரணமாக வழக்குப் பதிவாகியிருக்கிறதா, 105ஆம் பிரிவில் கொலையாகாத மரணமாகவா என்று பார்க்க வேண்டும். தண்டனையின் கனம் அதைப் பொறுத்தே மாறுவதால், "வழக்குப் பதிவு" என்று மட்டும் எழுதுவது போதாது. 2024 ஜூலை 1ஆம் தேதிக்கு முந்தைய சம்பவமானால் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் பிரிவுகளே வரும்.

தருமபுரியானாலும் கிருஷ்ணகிரியானாலும் விசாரணை பொதுவாகத் திறந்த நீதிமன்றத்தில்தான் நடக்கிறது. ஆனால் அனுமதியின்றிக் கைபேசியில் பதிவு செய்யக் கூடாது என்பதால், குறிப்பேடும் பேனாவுமே கருவிகள். தேதி, நீதிமன்றத்தின் பெயர், வழக்கு எந்தக் கட்டத்தில் உள்ளது, எத்தனையாவது சாட்சி, மூச்சுச் சோதனை அளவு சாட்சியத்தில் சொல்லப்பட்டதா, இரத்தப் பரிசோதனை அறிக்கை தாக்கலானதா ஆகியவற்றை அன்றன்றே எழுதி, ஐயமிருந்தால் அரசு வழக்கறிஞரிடமும் எதிர்த்தரப்பு வழக்கறிஞரிடமும் கேட்டுச் சரிபார்க்க வேண்டும். தாழ்வாரத்தில் ஒருவர் சொன்னதைச் சாட்சியமாக எழுதிவிடக் கூடாது. 1971ஆம் ஆண்டின் நீதிமன்ற அவமதிப்புச் சட்டத்தின் 4ஆம் பிரிவு காப்பது, நேர்மையும் துல்லியமும் உள்ள செய்தியைத்தான்.

தீர்ப்பு வரும்வரை, வாகனத்தை ஓட்டியதாகக் கைதானவர் குற்றம் சாட்டப்பட்டவர் மட்டுமே. ஓட்டியவர் 18 வயது நிரம்பாதவரானால் பெயரையோ பள்ளியையோ படத்தையோ வெளியிடுவதைச் சிறார் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு தடுக்கிறது. இறந்தவரின் வீட்டாரிடம் பேசுவதற்கு முன், அவர்களுக்கு அது விருப்பமா என்று கேட்பது நம் கடமை.

தீர்ப்பு நாளில் தண்டனைப் பகுதியைச் சொல்லுக்குச் சொல் எழுதிக்கொண்டு, தீர்ப்பு நகலோடு ஒப்பிட்ட பிறகே வெளியிட வேண்டும். விடுதலையானாலும், கைதுச் செய்திக்குக் கொடுத்த அதே இடத்தை அதற்கும் கொடுக்க வேண்டும். மேல்முறையீடு தாக்கலானால் அதையும் பழைய செய்தியோடு சேர்க்க வேண்டும்.