பழைய எக்ஸ்எல் சூப்பரில் இழுவை குறைந்தால்: வீட்டிலேயே கரி எடுக்கும் முறை

இரண்டு பால் கேன்களை ஏற்றியதும் வண்டி நகரத் திணறுகிறது, மேம்பாலத்தில் பாதி ஏறியதும் மூச்சு வாங்குகிறது என்று பழைய டிவிஎஸ் எக்ஸ்எல் சூப்பரைக் கொண்டுபோனால், "பிஸ்டன் போய்விட்டது, என்ஜினை இறக்க வேண்டும்" என்ற பதிலே பெரும்பாலும் கிடைக்கும். அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால், பல வண்டிகளில் குற்றவாளி தேய்மானம் அல்ல, கரி. ஏறக்குறைய 70 சிசி கொண்ட இந்த டூ ஸ்ட்ரோக் என்ஜினில் ஆயிலும் பெட்ரோலோடு சேர்ந்தே எரிவதால், புகை வெளியேறும் துவாரத்திலும் சைலன்சரிலும் கரி படிந்துகொண்டே வரும். எரிந்த புகை முழுதாக வெளியேறாவிட்டால் புதிய கலவைக்கு உள்ளே இடம் இருக்காது. அதனால்தான் இழுவை குறைகிறது. வால்வு, டேப்பெட் எதுவும் இல்லாத என்ஜின் என்பதால், இந்த வேலையைக் குறைந்த கருவிகளோடு வீட்டு வாசலிலேயே செய்துவிடலாம்.

என்ஜினைத் தொடுவதற்கு முன் செலவில்லாத சில சோதனைகளை முடித்துவிடுங்கள். ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி 2டி ஆயில் போதும். என்ஜினுக்கு நல்லது என்று நினைத்துக் கூடுதலாக ஊற்றுபவர்கள் கரியைத்தான் வளர்க்கிறார்கள். ஏர் ஃபில்டரைச் சுத்தம் செய்யுங்கள். பிளக்கைக் கழற்றிப் பாருங்கள்: முனை காப்பிப்பொடி நிறத்தில் இருந்தால் எரிதல் சரி, கறுத்து எண்ணெய்ப் பசையோடு இருந்தால் ஆயில் அல்லது பெட்ரோல் மிகுதி, வெளுத்திருந்தால் காற்று மிகுதி. வெளுத்த பிளக்கை அலட்சியப்படுத்தக் கூடாது. கார்புரேட்டருக்கும் சிலிண்டருக்கும் இடையே உள்ள பேக்கிங் வழியாகக் காற்று புகுந்தால் பிஸ்டன் சூடேறிச் சிலிண்டரில் பிடித்துக்கொள்ளும். கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் சிறு துளையான ஜெட்டில் அடைப்பு இருந்தாலும் பிளக் வெளுக்கும் என்பதால் ஜெட்டைக் கழற்றி ஊதிச் சுத்தம் செய்யுங்கள். கம்பி விட்டுக் குத்தினால் துளை பெரிதாகிவிடும். இப்போது விற்கும் எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர்களுக்கு ஒத்துவருவதில்லை. பெட்ரோல் குழாய் விறைத்தோ வெடித்தோ இருந்தால் மாற்றிவிடுங்கள்.

இவற்றுக்குப் பிறகும் இழுவை திரும்பவில்லை என்றால் சைலன்சரைக் கழற்றி, சிலிண்டரின் புகைத் துவாரத்துக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். விளிம்பைச் சுற்றிக் கறுத்த படிவு தடித்து, துவாரம் சுருங்கியிருந்தால் காரணம் கிடைத்துவிட்டது. சைலன்சரின் உட்கரியை எரித்துத்தான் எடுக்க வேண்டும். வெல்டிங் பட்டறையில் கேஸ் நெருப்பால் சூடுபடுத்தித் தட்டினால் கரி செதில் செதிலாக உதிரும். குரோமியப் பூச்சு நீலம் பாரிக்கும். இழுவை வேண்டுபவர்கள் அந்த அழகை விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும். எரிக்கும் இடத்துக்கு அருகில் பெட்ரோல் இருக்கக் கூடாது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

அடுத்தது சிலிண்டரின் மேல்மூடியான ஹெட். என்ஜின் முழுதாக ஆறிய பிறகே இதைக் கழற்ற வேண்டும். சூட்டோடு கழற்றினால் அலுமினிய ஹெட் வளைந்துபோக வாய்ப்புண்டு. நட்டுகளை எதிரெதிர் மூலையாக, ஒவ்வொன்றையும் சிறிது சிறிதாகத் தளர்த்துங்கள். ஹெட் வந்ததும் பிஸ்டனை மேலே கொண்டுவந்து, பிஸ்டனுக்கும் சிலிண்டர் சுவருக்கும் இடையே தெரியும் மெல்லிய இடுக்கைச் சுற்றிக் கிரீஸைத் தடவிவிடுங்கள். சுரண்டும்போது உதிரும் துகள்கள் உள்ளே இறங்காமல் அதில் ஒட்டிக்கொள்ளும். பிஸ்டன் தலையில் உள்ள கரியை இரும்பு ஸ்குரூ டிரைவரால் சுரண்டாதீர்கள். கீறல் விழுந்த இடத்தில் கரி விரைவில் மீண்டும் பிடிக்கும். சீவிய மூங்கில் குச்சியோ ஐஸ்கிரீம் குச்சியோ போதுமானது. பிஸ்டன் மேலே இருக்கும் அந்த நிலையிலேயே அதன் பக்கச் சுவர் புகைத் துவாரத்தை மூடியிருக்கும் என்பதால், துவாரத்துக் கரியையும் வெளியிலிருந்து அதே குச்சியால் சுரண்டி ஊதிவிடலாம். வேலை முடிந்ததும் பிஸ்டனைச் சற்றுக் கீழே இறக்கி, சுவரில் தங்கும் கிரீஸ் வளையத்தைத் துகள்களோடு துணியால் வழித்து எடுத்துவிடுங்கள்.

இதே சமயத்தில் சிலிண்டர் சுவரை விரல் நுனியால் மேலிருந்து கீழாகத் தடவிப் பாருங்கள். நகம் சிக்கும் அளவுக்கு நெடுங்கோடு இருந்தாலோ, மேல் விளிம்பில் படிக்கட்டுபோல் ஒரு தேய்மானம் தட்டுப்பட்டாலோ, இனிக் கரி எடுப்பதில் பயனில்லை. லேத் பட்டறையில் போரிங் செய்து, அதாவது சிலிண்டரின் உட்புறத்தைக் கடைந்து சற்றுப் பெரிதாக்கி, ஓவர்சைஸ் பிஸ்டன் போட வேண்டியதுதான். சுவர் வழவழப்பாக இருந்து, கம்ப்ரஷன் (கலவையைப் பிஸ்டன் அழுத்தும் அழுத்தம்) மட்டும் குறைவாக இருந்தால் சிலிண்டரை உருவி, பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்கை மாற்றினால் போதும். இந்தப் பிஸ்டனில் ரிங் சுழலாமல் இருக்கக் காடிக்குள் ஒரு சிறு முளை இருக்கும். ரிங்கின் இரு முனைகளும் அந்த முளையின் இருபுறமும் சரியாக அமர்ந்திருக்கின்றனவா என்று பார்த்த பிறகே சிலிண்டரை இறக்குங்கள். பார்க்காமல் அழுத்தினால் புது ரிங் அங்கேயே உடையும்.

ஹெட்டின் அடிப்பரப்பில் புகை கசிந்த தடம் இருந்தால், தடித்த கண்ணாடியின் மேல் நைஸ் உப்புத்தாளை விரித்து, எட்டு வடிவில் மெதுவாகத் தேய்த்துச் சமப்படுத்தலாம். தேய்த்த தூளை நன்றாகக் கழுவித் துடைத்து, புது பேக்கிங் வைத்து, நட்டுகளை மீண்டும் எதிரெதிர் மூலையாக இரண்டு மூன்று சுற்றுகளில் இறுக்குங்கள். வண்டியை ஓட்டிப் பார்த்து, என்ஜின் ஆறிய பிறகு அதே வரிசையில் ஒருமுறை ஸ்பேனர் வைத்துச் சரிபாருங்கள். புது பேக்கிங் அமுங்கியிருந்தால் நட்டு சிறிது திரும்பும்.